கழுவிக் கவிழ்த்த தட்டுகள்

அத்தியாயம் 9

1966ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் தேதி புதன்கிழமை, தாராவியில் தமிழர் சங்கம் ஒன்று நடத்திய பள்ளிக்கூடத்தில் நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடப்பட்டது. கோதுமை ரவைச் சோறு, பூசணிக்காய்ச் சாம்பார். ஒன்றேகால் மணிக்குள் நூற்றுப் பதினெட்டு அலுமினியத் தட்டுகளும் கழுவிக் கவிழ்க்கப்பட்டன. அண்டாவில் மிச்சம் இல்லை.

மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட இது தவறியதில்லை. ஆகையால் மறுநாள் வியாழக்கிழமை காலையில் கண் விழித்தபோது ஆறுமுகத்தாய்க்குப் பெரிய பயம் ஒன்றும் இருக்கவில்லை.

போன ஐப்பசியில் ஜெயினுலாப்தீன் சேட்டின் தோல் பட்டறையில் வெட்டு மிஷின் அவள் புருஷன் சுயம்புவின் வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து அவன் வீட்டோடு இருந்தான். கோடவுனில் காவலுக்கு வந்து உட்காரு என்று சேட் இரண்டு தடவை ஆள் விட்டும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று அப்துல் ரவூப் வாத்தியார் வந்து சொன்னபோது, ஆறுமுகத்தாய் புருஷன் முகத்தைப் பார்க்காமலே சரி என்றாள். மூன்று மாதம் பார்ப்போம், பிறகு நிரந்தரம் செய்வதா அனுப்புவதா என்று சொல்கிறோம் என்றது கமிட்டி. அந்த மூன்று மாதம் இன்றோடு முடிகிறது. மத்தியானம் மாட்டுங்காவிலிருந்து கமிட்டிக்காரர்கள் வருகிறார்கள். தட்டுகளைப் பார்ப்பார்கள், தீர்ப்புச் சொல்வார்கள்.

சுயம்பு வாசலில் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மகள் முத்துப்பேச்சி, ஒன்பது வயது, வாத்தியார் மாதிரி நின்றாள்.

"யய்யா, ஒங்க ஆனா சாஞ்சு படுத்துக் கெடக்கு."

"கெடக்கட்டும். அத எழுதுதவனும் படுத்துத்தானே கெடக்கான்."

"எல்லா எழுத்தும் இடது பக்கமாவே விழுது."

"எழுதுத கை இடது கை. பொறவு எந்தப் பக்கம் விழும்?"

ஆறுமுகத்தாய் தலைமுடியை அள்ளிச் சொருகிக்கொண்டே சொன்னாள்: "நிரந்தரம்னு சொல்லிட்டாவன்னா இன்னைக்கே பூதத்தானுக்கு ஒரு கார்டு எழுதிருங்க. இடது கை எழுத்தானாலும் சரி. சனிக்கிழமை ரெண்டு கார்டு வாங்கி காலண்டருக்குப் பின்னால சொருகி வச்சிருக்கேன்."

பூதத்தான் அவள் தம்பி. களக்காட்டில் இருக்கிறான். அக்கா வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டு, புறப்பட்டு வந்துவிடுங்கள் என்று மாதம் ஒரு கடிதம் போடுகிறவன்.

சுயம்பு சிலேட்டை எச்சில் தொட்டுத் துடைத்தான். "இன்னைக்கு என்ன பாக்க வாராவ?"

"தட்டைத்தான்."

"தட்டைப் பாக்க வாறவன் வயித்தையா பாக்கப் போறான்?"

அவன் பேச்சு மூன்று மாதமாகவே இப்படித்தான் முள்ளு முள்ளாக வந்தது. அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

குழாயடி தாண்டியதும் சைனப் எதிரே வந்தாள். பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டினாற்போல் அவள் வீடு. மேலப்பாளையத்துக்காரி. புருஷன் இனாயத்துல்லா தோல் லாரியில் போகிறவர். வரப்போகும் பக்ரீத்துக்காக மூன்று கிடாய்களை வாங்கி விட்டிருந்தார்கள்.

"தாயி, ஒரு நிமிசம் நில்லு. ஒன்னப் பாத்து சொல்லணும்னு நாலு நாளா நெனச்சுக்கிட்டே இருக்கேன். அல்லா ஒனக்கு பரக்கத் குடுக்கணும்."

"எதுக்குக்கா?"

"எதுக்காம்ல! எங்க கிடாய்கள வந்து பாரு. போன மாசம் எலும்பும் தோலுமா கெடந்ததுக, இப்ப தடவினா கை வழுக்குது. நேத்து கசாய்க்காரர் பாத்துட்டு, என்ன தீனி வைக்கீங்கன்னு கேக்காரு. எங்க ஆறுமுகத்தாய் வைக்கா, கோதுமைச் சோறும் சாம்பாருமான்னு சொன்னேன். பக்ரீத் அன்னைக்கு ஒன் பங்கு முதப் பங்கு, கேட்டியா?"

ஆறுமுகத்தாய் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"நான் எங்கக்கா வச்சேன்? மிச்சமே விழாதே."

"மிச்சமே விழாதா? ஒரு நாளைக்கு மூணு கிடாயும் திங்க மாட்டாம திரும்பி வருது. பள்ளிக்கூடத்து மணி அடிச்சாப் போதும், கயித்த அத்துக்கிட்டு ஓடுதுக. செவத்த கிடா மணிக்கு முந்தியே போயி நின்னுக்கிடும்." சைனப் அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏன் தாயி? நீ சொல்லித்தானே புள்ளைக போடுதுக?"

ஆறுமுகத்தாய் கைப்பிடிக்குள் இருந்த சிறு கை மெள்ள நழுவப் பார்த்தது. அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தின் பின்கட்டு அவளுக்குக் கண்ணில் வந்தது. தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எதிரே, போன மழையில் சரிந்த சுவரில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓட்டை. அதை ஒட்டித் தண்ணீர்க் குழாய். அவள் பரிமாறுவது முன்பக்கச் சமையல் கொட்டகையின் ஜன்னல் வழியாக. வாத்தியார்கள் சாப்பிடுவது உள்ளே, தங்கள் டப்பாச் சாப்பாட்டை. சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவிக் கொண்டுவந்து அடுக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். ஒற்றை ஆள் நூற்றுப் பதினெட்டுத் தட்டைத் தேய்க்க முடியாது என்று முதல் நாளே போட்டது. அந்தச் சட்டத்துக்காக ரவூப் வாத்தியார் அவளைப் பாராட்டியும் இருந்தார்.

மூன்று மாதமாகக் கழுவின தட்டை மட்டும்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

சைனப் போனதும் மகளை ஒரு சுவரோரமாக நிறுத்தினாள்.

"சொல்லுட்டி."

"என்னத்தம்மா?"

"யாரு மொதல்ல ஆட்டுக்குப் போட்டது?"

முத்துப்பேச்சி கால் பெருவிரலைப் பார்த்தாள். "மொதல்ல யாரும் போடலம்மா. அதுவாத்தான் வந்து மன்சூர் அலி தட்டுல வாய வச்சிச்சு. அவன் அழல. சிரிச்சான். பொறவு எல்லாரும் வச்சாங்க."

"மன்சூர் அலிக்கு என்ன கொறையாம்?"

"அவனுக்குப் பூசணிக்காயப் பாத்தாலே ஓங்கரிக்கும். நஜிமுதீனுக்குச் சாம்பார் சோத்துல படக்கூடாது. பட்டுட்டா அந்தப் பக்கத்தத் தொடமாட்டான். மூணாம் வகுப்புல ஒருத்தன் கருவேப்பிலையா எடுத்துச் சுவத்துல ஒட்டுவான். அக்தர் பானு பருக்கைய எண்ணுவா."

"எண்ணி?"

"எண்ணி முடிக்கதுக்குள்ள ஆடு வந்துரும்."

"நீ?"

முத்துப்பேச்சி பாவாடை நுனியை விரலில் சுற்றினாள்.

"ஒங்கம்மா ஆக்கினதுட்டி. நீயுமா?"

"நான் பூசணிக்காயத் தின்னுருவேன்மா, சத்தியமா. சோறுதான்..." முத்துப்பேச்சி சரியான வார்த்தையைத் தேடினாள். "அது சோறு இல்லம்மா. பாத்தா சோறு மாதிரி இருக்கு. வாயில போட்டா சோறு இல்ல."

"இத வேற யாருட்டயும் சொன்னியா?"

"வீட்டுல ஐயாட்ட எல்லாத்தையும் சொல்லுவேன்" என்றாள் முத்துப்பேச்சி. அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை என்பதுபோல.

ஆறுமுகத்தாய் சமையல் கொட்டகைக்குள் நுழைந்து கரி அடுப்பைப் பற்றவைத்தாள். சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. கமிட்டி அம்மாள் சுப்புலக்ஷ்மி தம் கையால் எழுதியது. திங்கள், கோதுமை ரவைக் கிச்சடி. செவ்வாய், கோதுமை ரவைப் பொங்கல். புதன், கோதுமை ரவைச் சோறு, சாம்பார். வியாழன், கோதுமை ரவைச் சோறு, மோர்க்குழம்பு. வெள்ளி, கோதுமை ரவை உப்புமா. கீழே அடிக்கோடு போட்டு: காரம் குறைவு. பூண்டு கூடாது.

ரேஷனில் அரிசி குறைந்துபோன காலம் அது. ஊர் முழுக்க அரிசிக்குப் பதில் கோதுமையை வாங்கி, உடைத்து, வடித்து, சோறு என்று பெயர் சொல்லி இலையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறுமுகத்தாயும் வீட்டில் அதைத்தான் செய்தாள். கஷ்டம் தெரிந்தவர்கள் பேசாமல் விழுங்கினார்கள்.

பத்தரை மணிக்கு ரவூப் வாத்தியார் எட்டிப் பார்த்தார். சட்டைப் பையில் சிவப்பு மை பேனா.

"என்னம்மா, பயமா இருக்கா?"

"இல்ல சார்."

"பயப்படாதீங்க. பன்னிரண்டரைக்கு வர்றாங்க. ஆபீஸ் ரூம்ல உக்காந்து டீ குடிப்பாங்க. தட்டு வந்ததும் எண்ணிப் பாத்துட்டு ரெண்டு மணிக்குக் கிளம்பிருவாங்க. பின்கட்டுக்கெல்லாம் வரமாட்டாங்க, அங்கன ஒரே சேறு."

"வரமாட்டாவளா?"

"வந்ததே இல்லியே."

அவர் போய்விட்டார். ஆறுமுகத்தாய் ரவையை வறுத்தாள். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயைத் திறக்க வேண்டியதில்லை. மணி அடிக்கும், கிடாய்கள் வரும், தட்டுகள் காலியாகும், கழுவி வரும். நாளையிலிருந்து நிரந்தரம். பிறகு நிதானமாக, ஒரு வாரம் கழித்து, ஓட்டையை அடைக்கச் சொல்லலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆட்டைத் தவிர.

நினைத்துப் பார்த்தபோது அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

இடைவேளை மணிக்கு ஒரு பெண் ஜன்னலில் வந்து நின்றாள். "தண்ணி" என்றாள். அக்தர் பானு. சைனப்பின் மகள். போன வியாழக்கிழமை காலைப் பிரார்த்தனை வரிசையில் நின்றபடியே சரிந்து விழுந்தவள். வெயில் என்றார் தலைமை வாத்தியார். ஆறுமுகத்தாய்தான் வெல்லத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். எட்டரை மணி வெயில் ஒரு பிள்ளையைத் தள்ளுமா என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

தம்ளரை நீட்டினாள். வாங்க வந்த மணிக்கட்டைப் பிடித்தாள். விரலும் விரலும் சேர்ந்த பிறகும் உள்ளே இடம் இருந்தது.

"காலைல என்னம்மா தின்ன?"

"டீ. காரி."

காரி என்றால் பேக்கரியில் விற்கிற மொரமொரப்புப் பிஸ்கோத்து. ஒன்று தின்றால் நொறுங்கி மடியில் விழுவதுதான் அதிகம்.

"மத்தியானம்?"

அக்தர் பானு தண்ணீரைக் குடித்தாள். முழுசாகக் குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். "செவத்த கிடா என் தட்டுலதான் மொதல்ல திங்கும்" என்றாள், கொஞ்சம் பெருமையாக.

ஆறுமுகத்தாய் அடுப்பில் கரியைத் தள்ளிவைத்துவிட்டு, பின்கட்டு வழியாக, சுவர் ஓட்டையில் குனிந்து அந்தப் பக்கம் போனாள்.

சைனப் கிடாய்களுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னைக்கு ஆட்ட உள்ள கட்டிப் போடுங்க."

"ஏன், பெரிய மனுசங்க வாராங்கன்னா? சரி, சரி. நாளைக்கு அவுத்து விடவா?"

"நாளைக்கும் வேண்டாம்."

சைனப் நிமிர்ந்தாள். "என்ன தாயி, ஒரு வாயில்லாச் சீவன் மிச்சம் மீதி தின்னுதுக, அதுல ஒனக்கு என்ன..."

"மிச்சம் இல்லக்கா. முழுத் தட்டு. அக்தர் போன வாரம் விழுந்தாளே, வெயிலுன்னா நெனச்சீங்க? நானும் அப்படித்தான் நெனச்சேன்."

சைனப் சிவத்த கிடாயின் முதுகைப் பார்த்தாள். வெயிலில் அது மினுமினுத்தது. அவள் நேற்றுவரை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட மினுமினுப்பு.

"என் வீட்டுல ஆட்டுக்குச் சாப்பாடு, புள்ளைக்குப் பட்டினியா?" என்றாள். குரல் உயரவில்லை. கயிற்றைக் கையில் சுற்றி மூன்றையும் இழுத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். "ஒன் வேலை என்னாகும்?"

"தெரியல" என்றாள் ஆறுமுகத்தாய்.

பன்னிரண்டரைக்குக் கமிட்டி வந்தது. இரண்டு பேர். காரியதரிசி வேங்கடசுப்ரமணியன் ரயில்வே ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். சுப்புலக்ஷ்மி அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். மாட்டுங்கா மாதர் மன்றத்தில் சத்துணவு பற்றிப் பேசுகிறவர். கையில் துணிப்பை. பள்ளிக்கூடத்தில் அவர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

மணி அடித்தது. ஜன்னல் வழியாக நூற்றுப் பதினெட்டுத் தட்டுகள் போயின. ஆறுமுகத்தாய் கையைத் துடைத்துக்கொண்டு ஆபீஸ் ரூம் வாசலில் போய் நின்றாள்.

"தட்டு வந்தாச்சா?" என்றார் காரியதரிசி.

"இன்னைக்குத் தட்டு இங்க வராதுய்யா. நீங்கதான் அங்கன வரணும்."

ரவூப் வாத்தியார் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் கவனிக்கவில்லை.

சுப்புலக்ஷ்மி அம்மாள் எழுந்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றைத் தாண்டினார். காரியதரிசி செருப்பைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார்.

பின்கட்டில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டு நிறையச் சோறு. ஒருவர் கண்ணும் தட்டில் இல்லை. எல்லோரும் சுவர் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒருவன் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டி அடித்தான். சுவருக்கு அப்பால், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. நீளமாக, கோபமாக. மூன்று குரல்.

"ஏண்டாப்பா, ஏன் சாப்பிடாம இருக்கே?" என்று சுப்புலக்ஷ்மி அம்மாள் பக்கத்தில் இருந்தவனைக் கேட்டார். அவன் மன்சூர் அலி.

"பக்ரா நஹி ஆயா" என்றான்.

"என்ன சொல்றான்?"

ரவூப் வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆடு வரலைன்னு சொல்றாம்மா."

காரியதரிசி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் குடையை மாற்றிப் பிடித்தார்.

ஆறுமுகத்தாய் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். தட்டைப் பிள்ளைகளே கழுவட்டும் என்று தானே வைத்ததையும், மூன்று மாதமாகப் பின்கட்டை வந்து பார்க்காததையும், இன்று காலையில்தான் தெரிந்ததையும், தெரிந்த பிறகும் ஒரு மணி நேரம் மறைத்துவிடலாம் என்று இருந்ததையும். யார் மகள் ஆட்டுக்குப் போட்டாள் என்பதையும் விடவில்லை. முத்துப்பேச்சி தட்டுக்குள் முகம் படுமளவு குனிந்துகொண்டாள்.

கிடாய்கள் மட்டும் பேசின.

"எனக்கு ஒரு தட்டு கொண்டா" என்றார் சுப்புலக்ஷ்மி அம்மாள்.

"மாமி, நமக்கு நேரமாயிண்டிருக்கு..." என்றார் காரியதரிசி.

"நீங்க கடிகாரத்தைப் பாத்துண்டிருங்கோ."

பெஞ்சில் உட்கார்ந்தார். ஆறுமுகத்தாய் கொண்டுவந்த தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தார். மென்றார். இன்னொரு வாய். நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகளும் அவர் தாடை அசைவதையே பார்த்தார்கள். மூன்றாவது வாய் சற்று நேரம் வாயிலேயே இருந்தது.

"உப்பு சரியாத்தான் இருக்கு" என்றார். "வேற ஒண்ணும் இல்லே."

"பட்டியல்ல இருக்கபடிதாம்மா செஞ்சேன்."

"தெரியும். எழுதினவ நான்தானே. வாயில வெச்சுப் பாக்கறது இன்னிக்குத்தான்." தட்டைக் கீழே வைத்துவிட்டு, எதிரே இருந்த மெலிந்த பெண்ணைப் பார்த்தார். "நோக்கு என்னடியம்மா பிடிக்கும்?"

அக்தர் பானு யோசித்தாள். "சப்பாத்தி."

"அதுவும் இதே கோதுமைதானேடி?"

"அது சப்பாத்தி" என்றாள் அக்தர் பானு.

வரிசை முழுக்கத் தலைகள் ஆடின. சாம்பார் படாமல் சாப்பிடலாம் என்றான் நஜிமுதீன். கையில் பிடித்துக்கொண்டே விளையாடலாம் என்றது ஒரு குரல். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு, பட்டாட்டா பாஜி என்று இன்னொன்று. இந்தப் பிள்ளைகள் பிறந்ததும் வளர்ந்ததும் பம்பாயில். அடுத்த கோலியில், பக்கத்து ஒற்றை அறை வீட்டில், ரொட்டி தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள். அரிசி இல்லையே என்ற ஏக்கம் பெரியவர்களுடையது. கோதுமையை அரிசி வேஷம் கட்டி ஆடவிட்டதும் அவர்கள்தான்.

காரியதரிசி வரிசை வரிசையாக நடந்து எண்ணினார். ஒன்றேகால் மணிக்குக் காலியாக இருந்த தட்டுகள் முப்பத்தொன்பது.

ஆபீஸ் ரூமில் அவர் நோட்டை விரித்து எழுதியதை வாசித்தார். சமையல் செய்யும் ஆறுமுகத்தாயை இப்போதைக்கு நிரந்தரம் செய்வதற்கில்லை. மேலும் ஒரு மாதம் பார்ப்பது. செவ்வாயும் வெள்ளியும் சப்பாத்தி, உருளைக்கிழங்கு. மாவு அரைக்க சக்கிக்கு ஆள் அனுப்புவது. சாப்பிடும்போது ஒரு வாத்தியார் பின்கட்டில் நிற்பது. சுவர் அடைப்பது.

"நூத்துப் பதினெட்டுப் பேருக்குச் சப்பாத்தி தேய்க்க ஒருத்தியால ஆகுமா?" என்றார் ரவூப் வாத்தியார்.

"அது அடுத்த கூட்டத்துல" என்றார் காரியதரிசி, நோட்டை மூடினார்.

ஆறுமுகத்தாய் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். சுப்புலக்ஷ்மி அம்மாள் அவளை வராந்தாவில் நிறுத்தினார்.

"படிக்கத் தெரியுமோ நோக்கு?"

"அஞ்சாங் கிளாசு வரைக்கும்மா."

துணிப்பைக்குள்ளிருந்து ஒரு போஸ்ட் கார்டை எடுத்து நீட்டினார். "நேத்திக்கு வந்தது. காரியதரிசிக்கும் நேக்கும் மட்டும் தெரியும். நீயா சொல்றயா மறைக்கறயான்னு பாக்கத்தான் பேசாம வந்தோம். மறைச்சிருந்தயானா இன்னியோட அனுப்பிச்சிருப்போம்."

ஆறுமுகத்தாய் எழுத்துக் கூட்டிப் படித்தாள். கையெழுத்துப் போடாத கார்டு.

'கமிட்டியாருக்கு. பள்ளியில் ஆக்கும் சோறு ஆட்டுக்குப் போகிறது. பிள்ளைகள் பட்டினி. தட்டைப் பார்க்க வேண்டாம். வயிற்றைப் பார்க்கவும்.'

நாலே வரி. எழுதி முடிக்க நேரம் பிடித்திருக்கும். ஒவ்வொரு எழுத்தும் தனியாக, அழுத்தமாக விழுந்திருந்தது. எல்லாம் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துக் கிடந்தன.

"யார் எழுதினதுன்னு தெரியறதா?"

"தெரியலம்மா" என்றாள்.

அன்று முழுக்க அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

சாயந்திரம் அவள் மகளோடு வீடு திரும்பியபோது சுயம்பு தண்ணீர் பிடித்து நிரப்பி வைத்திருந்தான். குழாயடி வரிசையில் பெண்களுக்கு நடுவே நிற்பது அவனுக்கு எவ்வளவு கசப்பு என்று அவளுக்குத் தெரியும். குடங்கள் கழுத்துவரை நிறைந்திருந்தன.

"என்ன சொன்னாவ?"

"நிரந்தரம் இல்ல. இன்னும் ஒரு மாசம் பாப்பாவளாம்."

"ஒரு மாசமா?"

"ஒரு மாசம்."

அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. தட்டைப் பார்த்தார்களா, ஆட்டைப் பார்த்தார்களா, ஏன் இல்லை என்றார்கள், எதுவும் கேட்கவில்லை. கேட்காததை அவள் கவனித்தாள்.

முத்துப்பேச்சி மட்டும் மூச்சுவிடாமல் சொன்னாள். "யய்யா, மாட்டுங்கா மாமி நம்ம தட்டுல தின்னாவ! அக்தர் சப்பாத்தி கேட்டா. குடுத்துட்டாவ! செவ்வாக்கெழமையும் வெள்ளிக்கெழமையும்!"

"குடுத்துட்டாவளா?" என்றான் சுயம்பு. முகத்தில் ஏதோ ஒன்று வந்து போயிற்று. சந்தோஷமா, வேறொன்றா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. சிலேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

என் வேலை போகட்டும் என்று எழுதினானா, பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று எழுதினானா. பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரைக்கும் ஆறுமுகத்தாய் இதைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவனிடம் கேட்க இன்னும் நாக்கு எழவில்லை.

"பூதத்தானுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க" என்றாள்.

"நாளைக்கு எழுதுதேன்."

"இன்னைக்கே எழுதுங்க. கார்டு நான் எடுத்துத் தாரேன்."

சுயம்பு சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவள் காலண்டருக்குப் பின்னால் கையை விட்டாள். சனிக்கிழமை வாங்கி வைத்தது இரண்டு. ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்து, பேனாவோடு சேர்த்து, அவன் முன்னால் வைத்தாள்.

"என்ன எழுத?" என்றான்.

"ஒரு மாசம் தந்திருக்காவன்னு எழுதுங்க."

சுயம்பு இடது கையால் பேனாவை எடுத்து எழுதினான்.